குருசுக்குப்பத்துக்கு வந்த மலைச் சைக்கிள்

மஸ்கட்டிலிருந்து கிளம்புவதற்கு முந்தின வாரம் என் மனைவி செல்வி போனில் சொன்னாள். "இந்தத் தடவ பெட்டியெல்லாம் கட்டிக்கிட்டு வராதீங்க. ஒண்ணும் வேணாம். நீங்க வந்தா போதும்."

கல்யாணமாகிப் பல வருஷமான ஒருவன் இதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது அப்போது எனக்கு வசதியாக இருந்தது. விமானத்தில் எனக்குக் கொடுத்த எடை முழுவதையும் ஒரே பொருளுக்கு ஒதுக்கினேன். பேரீச்சம்பழம் இல்லை, பால்பவுடர் இல்லை, சென்ட் பாட்டில் இல்லை. ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் என் சைக்கிள்.

சைக்கிள் என்றால் சாதாரண சைக்கிள் இல்லை என்று நான் அப்போதெல்லாம் சொல்வது வழக்கம். மலையில் ஓட்டுவதற்கென்றே செய்தது. முன்சக்கரத்துக்கு ஒரு சஸ்பென்ஷன், பின்சக்கரத்துக்கு ஒரு சஸ்பென்ஷன். அந்த வகையில் இருப்பதிலேயே மலிவானது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். நான் வேலை பார்க்கும் கிடங்கில் ஜோயல் என்று ஒரு பிலிப்பினோக்காரன் இருக்கிறான். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவனும் அவன் கூட்டாளிகளும் ஊருக்கு வெளியே காய்ந்த ஆற்றுப்படுகைகளில் பாறைமேல் பாறையாகக் குதித்து ஓட்டுவார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். அவர்கள் குதித்த இடங்களில் நான் இறங்கித் தள்ளினேன். தள்ளும்போது, குறை என்னிடம் இல்லை, சைக்கிளில்தான் இருக்கிறது என்று தோன்றும்.

முதலில் டயரை மாற்றினேன். நல்ல டயர் போட்டதும் பிரேக் மட்டம் என்று தெரிந்தது. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக் வாங்கினேன். அப்புறம் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க். அதன்பின், பட்டனை அழுத்தினால் இறங்கி ஏறும் சீட்டு. கடைசியாகப் பின்பக்கம், காற்றடைத்த ஷாக். இரண்டு வருஷத்தில் அந்தச் சைக்கிளில் கடையிலிருந்து வந்தபடியே மிச்சமிருந்தது சட்டமும், அதன்மேல் உட்கார்ந்த நானும்தான். நான் இன்னும் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

அதை ஏன் ஊருக்குக் கொண்டுவந்தேன்? அறையில் விட்டால் கூட இருப்பவர்கள் ஹேண்டில்பாரில் ஈர பனியனைக் காயப்போடுவார்கள் என்பது எல்லோரிடமும் சொன்ன காரணம். மஸ்கட்டில் என் சைக்கிளைப் பார்த்து ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை, ஊரில் யாராவது பிளப்பார்கள் என்பது சொல்லாத காரணம்.

சென்னை விமான நிலையத்துக்கு மச்சான் பிரபு கார் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். செல்வியின் தம்பி. பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னா மாமா, இவ்ளோ பெரிய டிவியா?"

பெட்டி காருக்குள் போகவில்லை. மேலே வைத்துக் கயிறு போட்டோம். கயிற்றை இரண்டு ஜன்னல் வழியாகவும் உள்ளே விட்டுக் கட்டியதால் பின்கதவுகளைத் திறக்க முடியாமல் போனது. முன்கதவு வழியாக நுழைந்து, கியர் கம்பியைத் தாண்டிப் பின்சீட்டுக்குப் போனேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று பெட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது நான் இறங்கவில்லை. டீ ஜன்னல் வழியாக வந்தது. மஸ்கட்டில் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்தால் டீ வந்துவிடும், இங்கேயும் வந்துவிட்டதே என்று பிரபுவிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. மறுபடியும் பெட்டியைப் பற்றியே கேட்டான். "அக்காவுக்கு சர்ப்ரைசா?"

ஆமாம் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

குருசுக்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் ஒரு சிறு கூட்டம் இருந்தது. மாமியார், செல்வியின் சித்தி, பக்கத்து வீட்டுப் பெண்கள். எதிர்வீட்டு சொல்தா ஐயாவும் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து நின்றார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். பெட்டியைக் கூடத்தில் வைத்துக் கத்தியால் கீறினேன். நான் முதலில் எடுத்தது முன்சக்கரம்.

மாமியார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் ஏதாவது இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினார். பின்சக்கரம் அகப்பட்டது.

பத்தாவது படிக்கும் என் மகள் யாழினிதான் முதலில் பேசினாள். "அப்பா, இதுக்கு ஸ்டாண்டு இல்லியா?"

"மலைச் சைக்கிளுக்கு ஸ்டாண்டு கெடையாதும்மா."

"அப்ப எப்படி நிக்கும்?"

"செவுத்துல சாச்சி வெக்கணும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. சொல்தா ஐயா கிட்டே வந்து சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார். "வெலோ நல்லாருக்கு" என்றார், சைக்கிளைப் பிரெஞ்சில் சொல்லி. ரொம்ப மரியாதையாகவே அடுத்ததையும் கேட்டார். "மல எங்க இருக்கு?"

செல்வி சமையல்கட்டுப் பக்கம் திரும்பினாள். "குளிச்சிட்டு வாங்க, சாப்டலாம்" என்றாள். சங்கரா மீன் குழம்பு. மஸ்கட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை, நான் வைக்கும் குழம்பில்தான் மீன் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று தெரியாது. நன்றாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த இரண்டு நாளும் புதுச்சேரியில் மலை தேடினேன். எங்கள் ஊர் தோசைக்கல் மாதிரி. அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் ஏறி இறங்கினேன். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கும் பக்கம் தரை கொஞ்சம் உயரும், அதில் மூச்சிரைக்க ஏறினேன். கல்லூரிப் பிள்ளைகள் ஸ்கூட்டரில் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு பையன் வேகத்தைக் குறைத்து, "அங்கிள், பெட்ரோல் தீந்துடிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான். மஸ்கட்டில் நடந்து போகிறவனைக் கண்டால் கார் நின்றுவிடும். இங்கே நான்தான் எல்லாவற்றுக்கும் நின்றேன். பஸ், லாரி, மாடு, சாமி ஊர்வலம், செல்ஃபி எடுக்கும் சுற்றுலாப் பயணிகள்.

நாலாம் நாள் காலையில் பிரபு வந்தான். டிவி இல்லாத ஏமாற்றம் கொஞ்சம் ஆறியிருந்தது. "அப்படி இன்னாதான் மாமா இருக்கு இதுல?" என்று கேட்டான். அதற்காகவே காத்துக்கொண்டிருந்தவன் நான். கடலோரமாக வைத்திக்குப்பம் வரைக்கும் போனோம். அவன் மொபெட்டில், நான் சைக்கிளில். படகுகள் வந்திருந்த நேரம். பெண்கள் தெருவோரம் மீனைக் கொட்டி விலை பேசிக்கொண்டிருந்தார்கள். தெருவின் நடுவே புதிதாகப் போட்ட வேகத்தடை ஒன்று இருந்தது. பெயிண்ட் அடிக்காதது, நல்ல உயரம்.

"பாரு, உட்கார்ந்தபடியே போவேன். ஒரு குலுக்கல்கூட தெரியாது" என்றேன்.

உண்மையாகவே தெரியவில்லை. சஸ்பென்ஷன் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அந்தப் பக்கம் இறங்கும்போது, பிரபு பார்த்தானா என்று திரும்பினேன். அதே சமயம் மீன்கூடையோடு ஓர் அம்மாள் தெருவைக் கடந்தார். முன்பிரேக்கைப் பிடித்தேன். மஸ்கட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிய பிரேக். முன்சக்கரம் அந்த இடத்திலேயே நின்றது, நான் நிற்கவில்லை. ஆள் நடக்கும் வேகத்தில்தான் வந்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வேகத்தில் ஒருவன் சைக்கிளின் தலைக்கு மேலே பறந்து போய் விழ முடியும் என்று வைத்திக்குப்பத்தில் அதுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

வலது தோளில் ஏதோ மளுக்கென்றது. கண்ணைத் திறந்தபோது முகத்தருகே ஒரு கூறு நெத்திலி. கூடைக்காரம்மா குனிந்து என்னைப் பார்த்தார். அவர் கூடையில் ஒரு மீன்கூட அசையவில்லை.

"இன்னாப்பா," என்றார் நிதானமாக, "பிரேக்கு அவ்ளோ நல்லா புடிக்குதா?"

பிரபு ஓடிவந்து தூக்கினான். அப்போது நான் கேட்ட முதல் கேள்வி, "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்பது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பிரபு செல்விக்குப் போன் செய்து, நடந்ததை ஒன்றுவிடாமல், என் கேள்வியோடு சேர்த்துச் சொல்லிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது தோளின் காறை எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஒன்றரை மாதம் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு அசையாமல் இருங்கள் என்றார் டாக்டர். செல்வி வேலை செய்யும் கல்லூரி ஆபீசிலிருந்து அப்படியே வந்திருந்தாள். படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"சைக்கிள் நல்லா இருக்கில்ல?"

"இருக்கு."

"அது போதும்" என்றாள். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கப் போய்விட்டாள்.

மேனேஜருக்கு எக்ஸ்ரேயை அனுப்பினேன். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொள், கை சரியானதும் வா என்றார். இப்படித்தான் என் ஊர்ப் பயணம் இரட்டிப்பாக நீண்டது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு நாள் நான் அந்த வீட்டில் இருந்ததே இல்லை.

முதல் வாரம் இடது கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். இட்லியைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டு யாழினியின் சிரிப்பைச் சம்பாதித்தேன். இடது கையால் மீன் முள் எடுப்பது ஆகாது என்று தெரிந்தபின் செல்வி முள் எடுத்துத் தட்டோரம் வைத்தாள், டிவி பார்த்தபடியே, என்னைப் பார்க்காமல். சித்தி மட்டும் நான் பால்பவுடர் கொண்டுவராததை மறக்கவில்லை. என்னைப் பார்க்க வந்தவர் பால் பாக்கெட் வாங்கிவந்தார். "நல்லா குடி, எலும்பு கூடும்" என்றார். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. லீவில் வரும்போதெல்லாம் உறவுக்காரர் வீடு, கோயில், கல்யாணம் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவேன். இப்போது காலையில் செல்வி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போனபின் நான் மட்டும். கேஸ் சிலிண்டர்காரருக்குக் கதவைத் திறந்தேன். குழாயில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரிந்துகொண்டேன். ஒற்றைக் கையால் பருப்பில் கல் பொறுக்கினேன். மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. எங்கள் தெருவில் குழாய் பதிப்பதற்காகப் பள்ளம் தோண்டி, சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள். அந்தத் தெருவில்தான் செல்வி தினமும் ஸ்கூட்டரைத் தள்ளியும் ஓட்டியும் போய் வருகிறாள் என்பதை வாசலில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. போனில் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒரு காலை, நல்ல மழைக்குப் பிறகு, ஸ்கூட்டர் கிளம்பவில்லை. உதைத்துப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். பிரபுவுக்குப் போன் போகவில்லை. பள்ளத்தைக் காரணம் சொல்லி ஆட்டோ வர மறுத்தது. அன்றைக்கு ஆபீசில் தணிக்கை, அவள் போயே ஆகவேண்டும். சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத ஓட்டினா எதுவும் ஒடையுமா?"

"ஒடையாது. ஆனா உனக்கு உயரம்."

"சீட்டு எறங்கும்னு பீத்திக்கிட்டீங்களே."

பட்டனைக் காட்டினேன். அழுத்தினாள், சீட்டு இறங்கியது. ஏறி உட்கார்ந்தாள். பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு அவள் சைக்கிள் தொட்டதில்லை. துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். முன்பிரேக்கை மெதுவாகப் பிடி என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும்" என்றாள். ஊருக்கே தெரியும் என்பது அவள் குரலில் இருந்தது.

தள்ளாடிக்கொண்டே பள்ளத்தை நோக்கிப் போனாள். நான் வாசலில் ஒற்றைக் கையோடு நின்றேன். முன்சக்கரம் இறங்கியது, ஃபோர்க் அமுங்கியது, பின்சக்கரம் இறங்கியது, ஷாக் அமுங்கியது. அந்தப் பக்கம் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். ஜோயலும் அவன் கூட்டாளிகளும் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்கள்.

சாயங்காலம் முதுகெல்லாம் சேறாகத் திரும்பினாள். முகத்தில் நான் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒன்று இருந்தது. "லாஸ்பேட்ட மேட்டுல கியர மாத்திக்கிட்டே போனேங்க. எறங்கவே இல்ல" என்றாள். நான் வந்ததிலிருந்து என்னிடம் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "சிக்னல்ல நிக்கறப்ப சீட்ட எறக்கிட்டேன், காலு தரையில நல்லா ஊனுது. பக்கத்துல ஸ்கூட்டர்காரம்மா எங்க வாங்கினீங்கன்னு கேட்டாங்க."

வாயைப் பிளக்க ஒருத்தி கிடைத்துவிட்டாள். நான்தான் அங்கே இல்லை.

மெக்கானிக் ஸ்கூட்டரைச் சரிசெய்து கொடுத்த பிறகும் அவள் சைக்கிளிலேயே போனாள். அடுத்த சனிக்கிழமை சைக்கிளை ரஃபீக் பாய் கடைக்குக் கொண்டுபோனாள். பாய் எங்கள் பகுதியில் பல வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருப்பவர். நானும் கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

"பாய், மட்கார்டு போடணும். பெல்லு, ஸ்டாண்டு, முன்னாடி ஒரு கூட" என்றாள் செல்வி.

"கூடையா?" என்றேன். "ஃபோர்க்க அமுங்காம லாக் பண்ற லீவர மறைச்சிடும்."

"அத எப்பனா லாக் பண்ணீங்களா?"

பண்ணியதில்லை. பாய் சைக்கிளைச் சுற்றி வந்தார். பின்பக்கம் கேரியர் மாட்ட இடம் தேடிவிட்டு, "இத யாருமா செஞ்சது? ஒரு சாமான் வெக்கக்கூட எடம் உடல" என்றார். ஸ்டாண்டைப் பின்சட்டத்தில் முடுக்கினார். ஆனால் ஸ்டாண்டு போட்டுவிட்டு சீட்டில் கை வைத்தால் ஷாக் அமுங்கும், சைக்கிள் சாயும். மூன்று தடவை சாய்ந்தது. மூன்று தடவையும் பாய் பிடித்தார். கடைசியில் அவரே அதைக் கழற்றி எறிந்துவிட்டு, "செவுத்துல சாச்சி வெச்சிக்கமா" என்றார். அன்றைக்கு நான் ஜெயித்தது அந்த ஒன்றில் மட்டும். கூடையோடும் பெல்லோடும் என் சைக்கிள் வீடு திரும்பியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கூடையில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் இருந்தன.

கைத்தொட்டிலைக் கழற்றிய வாரத்தில் ஒரு சாயங்காலம் செல்வி வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடல்காற்றுக்கு இரண்டு நாள் விட்டால் துரு பிடித்துவிடும். நான் படியில் உட்கார்ந்து எண்ணெய் டப்பாவைப் பிடித்திருந்தேன்.

"எப்ப டிக்கெட்டு?" என்றாள்.

"அடுத்த வாரம்."

செயினைச் சுற்றிக்கொண்டே பேசினாள். "நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே. ஒவ்வொரு தடவையும் நீங்க வர்றது விருந்தாளி வர்ற மாதிரிதான். வாங்க, குளிங்க, சாப்டுங்க. கெளம்பினதும் அப்பாடான்னு இருக்கும். அப்பறம், ஏன்டா இப்படித் தோணுதுன்னு ரெண்டு நாளு அழுவேன். இந்தத் தடவதான், கை ஒடஞ்சி கெடந்தப்ப, நீங்க வீட்டு ஆளா இருந்தீங்க."

இருந்துவிடுகிறேன் என்று சொல்லத் தைரியம் இல்லை. போகிறேன் என்று சொல்ல வாயும் இல்லை. எண்ணெய் டப்பாவைச் சாய்த்துப் பிடித்திருந்ததில் வேட்டியெல்லாம் எண்ணெய். அவள் பார்த்துவிட்டுத் துணியை நீட்டினாள். "இருங்கன்னு சொல்லல. எனக்குத் தோணினதச் சொன்னேன், அவ்ளோதான்" என்றாள்.

போகும்போது பெட்டி இல்லை. கையில் ஒரு பை மட்டும், காரின் நாலு கதவும் திறந்து மூடின. சைக்கிளை விட்டுவிட்டுத்தான் வந்தேன். கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டாள்.

மஸ்கட்டில் ஜோயல், உன் சைக்கிள் எங்கே என்று கேட்டான். என் மனைவி எடுத்துக்கொண்டாள் என்றேன். அவள் எப்படி ஓட்டுகிறாள் என்று கேட்டான். என்னைவிட நன்றாக என்றேன். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்றான்.

அப்புறம் போனில் எங்கள் பேச்சு மாறிவிட்டது. முன்பெல்லாம் பள்ளிக்கூட விஷயம், மாமியார் மாத்திரை, வைத்துவிடட்டுமா என்பதோடு முடியும். இப்போது பிரேக் ஏன் கீச்சிடுகிறது, மூன்றாவது கியர் ஏன் தாவுகிறது என்று ஆரம்பித்து, ஆபீசில் யார் என்ன சொன்னார்கள், மேட்டில் யாரைத் தாண்டினாள் என்று எங்கெங்கோ போகும். வெள்ளிக்கிழமைகளில் நான் பாறைக்குப் போவதில்லை. போன் பேசவே நேரம் சரியாக இருக்கிறது.

போன வாரம் கூப்பிட்டாள். "பின்னாடி ஷாக் ரொம்ப அமுங்குதுங்க. பெடலு தரையில இடிக்குது."

"காத்து கொறஞ்சிருக்கும். என் அலமாரியில சின்ன பம்பு ஒண்ணு இருக்கு பாரு, அதுல அடிக்கணும்."

"எவ்ளோ அடிக்கணும்?"

"அது ஓட்டறவங்க எடையப் பொறுத்தது" என்றேன். யோசிக்காமல் அடுத்ததையும் கேட்டுவிட்டேன். "நீ எவ்ளோ இருப்ப?"

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"அத போன்ல கேக்கறீங்களா?" என்றாள். "நேர்ல வந்து கேளுங்க, சொல்றேன்."

அவளிடம் எப்படிச் சொல்வது என்று ரெண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் சொன்னேன். மேனேஜரிடம் பேசிவிட்டேன், இந்த ஒப்பந்தத்தோடு சரி, இனிமேல் புதுப்பிக்கப் போவதில்லை, சித்திரைக்கு வந்துவிடுவேன் என்று. இங்கே வந்து என்ன வேலை பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது என்பதையும் சொன்னேன்.

"ம்" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் யாழினி யாரிடமோ ஏதோ கேட்டாள். மறுபடி செல்வியின் குரல் வந்தது.

"சரி. அதுவரைக்கும் எவ்ளோ காத்து வெக்கட்டும்?"

பயந்து பயந்து ஓர் எண்ணைச் சொன்னேன். குறைத்துத்தான் சொன்னேன்.